ஜிப்ஸிக்கு கம்மி செலவுல லிஃப்ட் பண்ணனும், எதுல ஆரம்பிக்கிறது?

காபிக்காட்டுக்காரன் (திண்டுக்கல்):

எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட 2008 மாடல் ஜிப்ஸி கிங் இருக்கு, எம்ஜி413டபிள்யூ, சாஃப்ட் டாப். தாண்டிக்குடி பக்கம் கொஞ்சம் காபித் தோட்டம், தார் ரோட்டுல இருந்து உள்ள மூணு கிலோமீட்டர் மண் பாதை, ஐப்பசி கார்த்திகை மழையில டிராக்டர் போய்ப் போய் ரெண்டு பக்கமும் சக்கரத் தடம் முழங்கால் ஆழம் ஆயிடுது நடுவுல மேடு நிக்குது, அதுல வண்டி அடி இடிச்சு நின்னுடுது. போன மழைக்கு மட்டும் நாலு தடவை ஆள வச்சுத் தள்ளினோம். அதனால லிஃப்ட் பண்ணலாம்னு, அதாவது வண்டி உயரத்தைக் கூட்டலாம்னு முடிவு, கைல அம்பதாயிரம் இருக்கு அதுக்கு மேல இப்ப முடியாது.

விசாரிச்சதுல ஒருத்தர் சாக்கிள் (ஸ்பிரிங் பட்டை முனையை சேஸிஸோட சேக்கற இரும்பு இணைப்பு) மாத்துனா போதும்ங்கிறாரு, ஒருத்தர் ஸ்பிரிங் பட்டை ஒண்ணு எக்ஸ்ட்ரா போடுங்கிறாரு, இன்னொருத்தர் ஆக்ஸிலுக்கு மேல ஸ்பிரிங்கைத் தூக்கி வச்சா அஞ்சு இன்ச் ஏறும்ங்கிறாரு. இதே வண்டியிலதான் வாரம் ரெண்டு தடவை வத்தலக்குண்டு, திண்டுக்கல் வரைக்கும் போறேன், வீட்டம்மாவும் பசங்களும் வருவாங்க. எது சரின்னு அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

அச்சாணி (ஓசூர்):

கடைசியா சொன்னதுதான், ஆக்ஸிலுக்கு மேல ஸ்பிரிங், ஸ்பிரிங் ஓவர் பண்ணிடுங்க ப்ரோ. ஒரே செலவு, அஞ்சு இன்ச், அப்புறம் எந்த மேடும் ஒண்ணும் பண்ணாது. சாக்கிள் பட்டைன்னு அரைகுறையா பண்ணிட்டு கடைசியில எல்லாரும் அங்கதான் வருவாங்க.

மலையேறி (கோயமுத்தூர்):

காபிக்காட்டு அண்ணா, எதையும் வாங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்விக்கு பதில் கண்டுபிடிங்க. வண்டியில எந்த இடம் இடிக்குது? இதைக் கேக்காமலே லிஃப்ட் பண்ணி காசை விட்டவன் நான், அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

ஜிப்ஸிக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரே கட்டி ஆக்ஸில். டிஃபரன்ஷியல் குண்டு (ஆக்ஸில்ல உருண்டையா இருக்கற கியர் பெட்டி) அந்த ஆக்ஸிலோடயே இருக்கு, ஆக்ஸில் சக்கரத்தோட இருக்கு. நீங்க ஸ்பிரிங்ல எத்தனை இன்ச் ஏத்துனாலும் சேஸிஸும் பாடியும்தான் மேல போகும், குண்டு இருந்த இடத்துலயேதான் இருக்கும். குண்டைத் தூக்கணும்னா டயர் பெருசாகணும், இந்த பட்ஜெட்ல வேற வழியே கிடையாது. டயர் விட்டம் எவ்வளவு கூடுதோ அதுல பாதிதான் குண்டுக்குக் கிடைக்கும். கம்பெனி டயர் 205/70 ஆர்15, விட்டம் 668 மி.மீ. 215/75 ஆர்15 போட்டா 703, அப்ப குண்டு 18 மி.மீ. ஏறும். 235/75 ஆர்15 போட்டா 733, குண்டு 33 மி.மீ. ஏறும். கேக்கும்போது கம்மியாத் தெரியும், ஆனா பாதையில மண்ணைச் சீவிக்கிட்டுப் போறதுக்கும் உரசாமப் போறதுக்கும் நடுவுல அந்த ஒரு இன்ச்தாங்க வித்தியாசம்.

சேஸிஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் பின் ஆக்ஸிலுக்கு பவரைப் பிரிக்கற கியர் பெட்டி), சைலன்ஸர் இதெல்லாம் இடிச்சாதான் ஸ்பிரிங் லிஃப்டுக்கு வேலை.

கண்டுபிடிக்கறது சுலபம். வண்டி அடியை நல்லாக் கழுவிக் காயவிட்டு, கெட்டியா கரைச்ச சுண்ணாம்பை குண்டு, ஆக்ஸில், ஸ்பிரிங் அடிப் பிளேட், டிரான்ஸ்ஃபர் கேஸ், சேஸிஸ் எல்லாத்துலயும் பிரஷ்ல அடிங்க. அது காஞ்சதும் அந்த மூணு கிலோமீட்டர் ஒரு தடவை போய்ட்டு வந்து அடியில படுத்துப் பாருங்க. எங்க சுண்ணாம்பு உரிஞ்சிருக்கோ அதுதான் உங்க பிரச்சனை.

அச்சாணி ப்ரோ, குடும்பத்தோட மலை இறங்கற வண்டிக்கு ஸ்பிரிங் ஓவர் வேண்டாங்க. ஜிப்ஸியோட டிராக் அகலமே (இடது வலது சக்கரத்துக்கு நடுவுல இருக்கற தூரம்) 1300 மி.மீ. சுத்திதான், அதை அஞ்சு இன்ச் தூக்கி கொண்டை ஊசி வளைவுல திருப்பறதை நினைச்சுப் பாருங்க. அதோட வேலை ஸ்பிரிங்ல முடியாது, ஸ்டியரிங் பாக்ஸ்ல இருந்து சக்கரத்துக்கு வர்ற டிராக் லிங்க் கம்பி சரிஞ்சு நிக்கும், பள்ளத்துல விழும்போதெல்லாம் ஸ்டியரிங் தானா இழுக்கும், அதுக்கு இசட் மாதிரி வளைச்ச லிங்க் செய்யணும், ஆக்ஸில்ல புது பெர்ச் (பட்டை உக்கார்ற மேடை) வெல்டிங், நீளமான பிரேக் ஹோஸ், புரொப்பல்லர் ஷாஃப்டுக்கு ஸ்பேஸர், நீளமான ஷாக்கு. இதுல எதை விட்டாலும் ஆபத்து. ஏறும்போது ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா பட்டை எஸ் மாதிரி முறுக்கிக்கும், அதைத் தடுக்க தனியா டார்க் பார்னு ஒரு தாங்கு கம்பி வேணும். அம்பதாயிரத்துல இவ்வளவையும் ஒழுங்கா முடிக்க முடியாதுங்க, பாதியில விட்டா வண்டி எதுக்கும் லாயக்கில்லாம நிக்கும்.

அச்சாணி (ஓசூர்):

என் வண்டி டிரெய்லுக்கு மட்டும்தான், ரோட்டுல குடும்பத்தோட போறதில்ல. அந்தக் கணக்குல நீங்க சொல்றது சரி, குடும்பம் வரும்னு அவர் எழுதினதை நான் கவனிக்கல.

பட்டறைப்பையன் (நாமக்கல்):

எங்க அப்பா காலத்துல இருந்து லாரிப் பட்டை வேலை செய்யறோம், அதனால பட்டையைப் பத்தி மட்டும் சொல்றேன். 2008 வண்டின்னா பட்டை இன்னும் பழசுதான்னு நினைக்கறேன். இத்தனை வருஷம் காபி மூட்டை ஏத்தின பட்டை கண்டிப்பா உக்காந்திருக்கும். லிஃப்டுக்கு முன்னாடி இழந்த உயரத்தைத் திருப்பி எடுக்கப் பாருங்க. சமதளத்துல நிறுத்தி சக்கரத்தோட நடு மையத்துல இருந்து மேல ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் நாலு பக்கமும் அளந்து எழுதுங்க. இடது வலது வித்தியாசம் இருந்தா பட்டை போயிடுச்சுன்னு அர்த்தம்.

பட்டையை வளைவு ஏத்திக் குடுக்கச் சொல்லி நிறையப் பேர் வருவாங்க. அதுல ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. சுத்தியல்ல பச்சையா அடிச்சு ஏத்தறது கொஞ்ச மாசம் நிக்கும் திரும்ப உக்காரும், ஆனா அவசரத்துக்கு ஓடும். கேஸ் விளக்கு வச்சு சிவக்கக் காய்ச்சி வளைச்சு அப்படியே ஆறவிட்டுக் குடுப்பாங்க பாருங்க, அதை மட்டும் வாங்கவே வாங்காதீங்க, அந்த இடத்துல எஃகுல இருந்த விறைப்பு செத்துப் போச்சு, ஒண்ணு வளைஞ்சு போகும் இல்ல மலை இறக்கத்துல உடையும். முறையாப் பண்றதுன்னா மொத்தப் பட்டையையும் உலையில காய்ச்சி வளைச்சு எண்ணெயில முக்கி மறுபடி பதமா சூடு குடுத்து எடுக்கணும். அந்த வசதி உள்ள பட்டறையாப் பாத்துக் குடுங்க, இல்லேன்னா புது செட்டே வாங்கிடுங்க.

எக்ஸ்ட்ரா பட்டை போட்டா ஒரு இன்ச் ஒன்றரை இன்ச் ஏறும், உண்மைதான். ஆனா காலி வண்டி கட்டையாக் குதிக்கும். பின்னாடி எப்பவும் லோடு ஏத்தறவங்களுக்கு சரி, முன்னாடி போடாதீங்க. இன்னொண்ணு, ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவுல கட்டை வச்சுத் தூக்கறது. முன் ஆக்ஸில்ல யார் சொன்னாலும் வேண்டாம், பிரேக் அடிக்கும்போது ஆக்ஸில் திரும்பப் பாக்கும், கட்டை நழுவுனா ஸ்டியரிங் கைல இல்ல.

மலையேறி (கோயமுத்தூர்):

பட்டறைத் தம்பி சொன்னது தங்கமான பேச்சு. சாக்கிள் பத்தி நான் சேத்துக்கறேன். நீளமான சாக்கிள்தான் இருக்கறதுலயே சல்லிசு. ஆனா ரெண்டு இன்ச் நீளம் கூட்டுனா ஏறறது ஒரு இன்ச்தான், பட்டையோட ஒரு முனையை மட்டும்தானே இறக்கறோம். ஜிப்ஸிக்கு முன் சாக்கிள் முன் முனையில இருக்கறதால அது நீளமானா ஆக்ஸில் முன்பக்கமா குனியும், கேஸ்டர் (சக்கரம் திரும்பற அச்சு பின்பக்கமா சாஞ்சிருக்கற கோணம்) குறையும். கேஸ்டர் குறைஞ்சா வளைவு முடிஞ்சதும் ஸ்டியரிங் தானா நேராகாது, எண்பதுல போனா வண்டி அலையும். என் வண்டியில கிங் பின் பேரிங் (முன் சக்கரம் திரும்பற அச்சோட பேரிங்) ஏற்கனவே தேஞ்சிருந்துச்சு, அதை மாத்தாம ஒரு பட்டறையில மூணு இன்ச் நீள சாக்கிள் மாட்டி விட்டாங்க, பாலக்காட்டு ரோட்டுல ஒரு சின்னப் பள்ளத்துல விழுந்து ஸ்டியரிங் உதற ஆரம்பிச்சுது, வண்டி முழுசா நிக்கற வரைக்கும் நிக்கல. பக்கத்துல அம்மா உக்காந்திருந்தாங்க. அன்னைக்கு ராத்திரியே சாக்கிளைக் கழட்டிட்டேன்.

போடறதா இருந்தா முன்னாடி அரை இன்ச்சுக்கு மேல ஏறாத மாதிரி போட்டு, கேஸ்டர் ஷிம் (அந்தக் கோணத்தைச் சரி பண்ற ஆப்புத் தகடு) வச்சு, அலைன்மென்ட்ல கேஸ்டர் அளவையும் பாத்து வாங்குங்க.

ஷாக்கும் மறந்துடாதீங்க. உயரம் கூடினதுக்கப்புறம் பழைய ஷாக் இருந்தா சக்கரம் கீழ தொங்கும்போது ஷாக்தான் முழு எடையையும் பிடிச்சு நிக்கும், மவுண்ட் பிஞ்சுடும். ஒரு பக்கம் ஜாக்கி போட்டு சக்கரத்தைத் தொங்கவிட்டு ஷாக் மாட்டற மேல் கண்ல இருந்து கீழ் கண் வரைக்கும் அளந்து, அப்புறம் பம்ப் ஸ்டாப் (ஆக்ஸில் மேல வந்து முட்டற ரப்பர்) தொடற வரைக்கும் அமுக்கி அளந்து, அந்த ரெண்டு அளவுக்கும் பொருந்தற ஷாக் வாங்குங்க. பிராண்ட் அப்புறம் பாத்துக்கலாம். பிரேக் ஹோஸும் அதே நேரத்துல இழுபடுதான்னு பாருங்க.

காபிக்காட்டுக்காரன் (திண்டுக்கல்):

அண்ணே, சுண்ணாம்பு வேலை பண்ணிட்டேன், ரொம்ப நன்றி. முன் டிஃபரன்ஷியல் குண்டுல அடிப்பகுதி மொத்தமும் சுத்தமா உரிஞ்சிருக்கு, பின் குண்டுலயும் பாதி. ஸ்பிரிங் அடிப் பிளேட்ல கொஞ்சம். டிரான்ஸ்ஃபர் கேஸ்ல ஒரு சின்னக் கீறல் கூட இல்ல, சேஸிஸ் சுத்தம்! நான் இத்தனை நாளா வண்டி வயிறு உக்காருதுன்னே நினைச்சுட்டு இருந்தேன்.

அளவும் எடுத்தேன். முன்னாடி ரெண்டும் ஏறக்குறைய சமம். பின்னாடி இடது பக்கம் வலது பக்கத்தை விட ஒன்றரை இன்ச் கம்மி. படுத்துப் பாத்தா அந்தப் பக்கம் ரெண்டாவது பட்டையில விரிசல். சாக்கிள் புஷ் நாலும் ரப்பரே இல்லாம இரும்பு இரும்போட உரசுது.

மலையேறி (கோயமுத்தூர்):

விரிசல் பட்டையோட மலை இறங்காதீங்க அண்ணா, அதை மாத்தற வரைக்கும் திண்டுக்கல் ட்ரிப் வேண்டாம்.

அப்ப உங்களுக்கு லிஃப்டே வேண்டியதில்லை. பின்னாடி ரெண்டு பக்கமும் புது கம்பெனி அளவு பட்டை செட், ஒரு பக்கம் மட்டும் மாத்துனா வண்டி சாஞ்சே நிக்கும். எல்லா புஷ்ஷும் புதுசு. கிங் பின் பேரிங் செக் பண்ணி தேஞ்சிருந்தா மாத்திடுங்க. மிச்சக் காசுல நாலு 215/75 ஆர்15 மட் டெரெய்ன் டயர், இது லிஃப்ட் இல்லாமலே உக்காரும், முழுசாத் திருப்பும்போது பட்டையில உரசுனா ஸ்டியரிங் ஸ்டாப் போல்ட்டைக் கொஞ்சம் வெளிய எடுங்க. 235 போட்டா இன்னும் உயரம் கிடைக்கும்தான், ஆனா பத்து சதவீதம் கியரிங் நீளமாகும், லோடோட ஏத்தத்துல 1300 சிசி திணறும், ஸ்பீடோமீட்டர் 60னு காட்டும்போது நீங்க 66ல போவீங்க. 215ல 63தான். டயர் பெருசாகறதால ஸ்பிரிங் அடிப் பிளேட்டும் சேந்து ஏறும், அதுவும் ஆக்ஸிலோடதானே இருக்கு.

அதோட காசே இல்லாத வைத்தியம் ஒண்ணு. மண் பாதை ஆரம்பத்துல டயர் காத்தை 18 பிஎஸ்ஐ வரைக்கும் இறக்குங்க, தார் ரோடு வந்ததும் பம்ப் வச்சு ஏத்திக்கங்க. ஜிப்ஸி ஒரு டன்னுக்குள்ள இருக்கற வண்டி, காத்து இறக்குனா சக்கரம் மண்ணைப் பிடிக்கறது நல்லாவே தெரியும். குண்டு வண்டி நடுவுல இல்லாம ஒரு பக்கமா தள்ளி இருக்கறதையும் கவனிங்க, அது எந்தப் பக்கம்னு மனசுல வச்சுக்கிட்டு தடத்துக்குள்ள இறங்காம ஒரு சக்கரத்தை நடு மேட்டு மேலயும் இன்னொண்ணை ஓரத்துலயும் ஏத்தி ஓட்டிப் பாருங்க. மழைக்கு முன்னாடி ரெண்டு ஆள் மம்பட்டியோட ஒரு நாள் நடு மேட்டைச் செதுக்கினாலும் பாதிப் பிரச்சனை தீரும்.

செக்போஸ்ட் (வேலூர்):

ஒரு விஷயம் யாரும் சொல்லல. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52வது பிரிவுப்படி கம்பெனி குடுத்த ஸ்பெசிஃபிகேஷன்ல இருந்து ஆர்சி விவரம் மாறுபடற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது, 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிடுச்சு. அதே வருஷத் திருத்தத்துல ஓனருக்கு ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் இல்ல ஒரு மாற்றத்துக்கு 5000 ரூபாய் அபராதம்னு வந்திருக்கு. 2008 வண்டி 15 வருஷம் தாண்டிடுச்சு, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்டிஓ ஆபீஸ்ல காட்டி ரினீவல் பண்ணணும். அஞ்சு இன்ச் தூக்குன வண்டியை அங்க நிறுத்த முடியாது. அதை விட, ஏதாவது ஆக்சிடென்ட் ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரங்க சர்வேல முதல்ல பாக்கறதே இதைத்தான். டயர் அளவு மாத்தறதையும் இன்சூரன்ஸ்ல ஒரு வார்த்தை எழுதிக் கேட்டுட்டே பண்ணுங்க.

மண்வாசம் (தேனி):

நடுவுல கேக்கறேன் தப்பா எடுத்துக்காதீங்க, என்கிட்ட 2014 தார் சிஆர்டிஇ, முன்னாடி டார்ஷன் பார் (ஸ்பிரிங்குக்குப் பதிலா முறுக்கிக்கிற கம்பி). அந்த போல்ட்டைத் திருகுனாலே ஏறும்னு சொல்றாங்களே?

மலையேறி (கோயமுத்தூர்):

ஏறும், ஆனா அது லிஃப்ட் இல்லைங்க. சக்கரம் கீழ இறங்கறதுக்கு இருந்த இடத்தை எடுத்து உயரமாக் காட்டுது அவ்வளவுதான். ரொம்பத் திருகுனா டிரைவ் ஷாஃப்ட் கோணம் கூடி சிவி ஜாயின்ட் பூட் (அந்த ஷாஃப்ட் மூட்டோட ரப்பர் உறை) கிழியும். உக்காந்து போன அளவை மட்டும் சரி பண்ணிக்கங்க. உங்களுக்குத் தனியா ஒரு இழை ஆரம்பிங்க, எழுதறேன்.

காபிக்காட்டுக்காரன் (திண்டுக்கல்):

பட்டை செட்டும் புஷ்ஷும் ஆர்டர் குடுத்தாச்சு. கிங் பின் பேரிங்ல ஆட்டம் இருக்கு, அதையும் சேத்துப் பண்ணச் சொல்லிட்டேன். டயர் அடுத்த மாசம். பட்டை மாட்டும்போது பக்கத்துல நின்னு என்னென்ன பாக்கணும்?

பட்டறைப்பையன் (நாமக்கல்):

மூணு விஷயம்ங்ணா. பட்டையை ஆக்ஸிலோட கட்டற பழைய யு போல்ட்டைத் திருப்பிப் போட விடாதீங்க, ஒரு தடவை முறுக்குனது நீண்டிருக்கும், புதுசு போடச் சொல்லுங்க. சென்டர் போல்ட் தலை ஆக்ஸில் பெர்ச் ஓட்டையில சரியா உக்காந்ததான்னு கண்ணால பாத்துக்கங்க. பட்டைக் கண் போல்ட்டு சாக்கிள் போல்ட்டெல்லாம் வண்டி ஜாக்கியில இருக்கும்போது கைமுறுக்கா விட்டுட்டு, சக்கரம் தரையில இறங்கி முழு எடையும் பட்டை மேல வந்தப்புறம்தான் இறுக்கணும். மேல வச்சே இறுக்கிட்டாங்கன்னா ரப்பர் புஷ் எப்பவும் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழிஞ்சுடும். அப்புறம் ஒரு 500 கிலோமீட்டர் ஓடினதும் யு போல்ட்டை மறுபடி ஒரு தடவை டைட் வச்சுக்கங்க.