நச்சேற்றம்: பூஞ்சை நச்சுக் கணிப்புக்கு ஒரு கலைச்சொல்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கும் குழும அன்பர்களுக்கும் வணக்கம்.

திராட்சைத் தோட்டங்களில் எந்த ஆண்டில், எந்தப் பகுதியில் பூஞ்சை நச்சு மிகும் என்பதை அறுவடைக்கு முன்பே கணிக்கும் முறைக்குத் தமிழ்ப்பள்ளிக் கையேட்டில் என்ன பெயர் இடலாம் என்று அம்மா கேட்டிருந்தீர்கள். கலப்படம், மாசு, நச்சூறல் என்று மூன்று சொற்கள் இதுவரை வந்துள்ளன. இவற்றுக்கு மாற்றாக "நச்சேற்றம்" என்பதை முன்மொழிகிறேன்.

கலப்படம் என்றால் கலப்பவர் ஒருவர் இருக்க வேண்டும்; அதை விட்டுவிடலாம். மாசு என்பது புகையும் தூசும்போல வெளியிலிருந்து வந்து படிவது. திராட்சையில் நடப்பது வேறு. ஓக்ராடாக்சின் ஏ என்னும் நச்சை அங்கே பெரும்பாலும் உண்டாக்குவது ஆஸ்பெர்ஜில்லஸ் கார்பனேரியஸ் என்னும் கரும்பூஞ்சை. அதன் வித்துகள் மண்ணிலும் சருகிலும் கிடந்து, காற்றோடு வந்து குலையில் அமர்கின்றன. வித்தின் கருநிறமே கடும் வெயிலிலிருந்து அதைக் காக்கிறது. தோல் முழுதாக உள்ள பழத்தில் அது எளிதில் நுழைவதில்லை. ஆனால் அந்துப்பூச்சியின் புழு குடைந்த துளையோ, மழைக்குப் பின் தோல் வெடித்த கீறலோ கிடைத்துவிட்டால் உள்ளே இழை பரவிவிடுகிறது. அப்படிப்பட்ட பழம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், வெடிப்பின் ஓரத்தில் அடுப்புக்கரிபோல் கறுத்த பொடி ஒட்டியிருக்கும். அதை ஒட்டிய சதை பழுப்பேறிக் கொழகொழத்திருக்கும். பக்கத்துப் பழமோ பளபளப்புக் குறையாமல் இருக்கும். நச்சு, பழத்துக்குள்ளேயே பிறந்து, நாளாக ஆகக் கூடுகிறது.

"பூஞ்சை முன்கணிப்பு என்று சுருக்கமாகச் சொன்னால் போதாதா?" என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். போதாது. இந்தப் பூஞ்சை 30 முதல் 35 பாகை செல்சியசில் செழித்து வளர்கிறது. ஆனால் நச்சை மிகுதியாகச் சுரப்பது 15 முதல் 20 பாகை அளவிலான குறைந்த வெப்பத்தில் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே பூஞ்சை மிகுந்த இடத்தில் நச்சும் அதே அளவுக்கு மிகும் என்று கொள்ள முடியாது. இந்த வேறுபாட்டை மறைக்கும் சொல் மாணவரைத் தவறான முடிவுக்கே கொண்டு செல்லும். ஐரோப்பிய ஒன்றியம் திராட்சை மதுவுக்கும் சாற்றுக்கும் விதித்துள்ள வரம்புகூட நச்சுக்குத்தான். கிலோவுக்கு 2 மைக்ரோகிராம். சிறுநீரகத்தைத் தாக்கும் நச்சு என்பதால் அவ்வளவு கண்டிப்பு.

நச்சூறல் அழகான சொல். உள்ளிருந்து சுரப்பதையும், ஊறு என்னும் தீங்கையும் ஒருசேரக் காட்டுகிறது. எனினும் சாராய ஊறல் என்ற வழக்குதான் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும். சம்சு என்னும் மலிவுச் சாராயம் பல குடும்பங்களைச் சீரழித்த நம் மலேசியத் தோட்டப்புறத்தில், அதிலும் மதுவுக்கான திராட்சையைப் பற்றிப் பேசும்போது, அந்தக் குழப்பம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

"விஷம் ஏறிவிட்டது" என்பது எல்லார் வாயிலும் வரும் பேச்சு. பாம்பு கடித்தவருக்குச் சொல்வதைப் பழத்துக்கும் சொல்லலாம். குருதியேற்றம் என்பதில்போல நச்சேற்றத்திலும் ஏற்றுபவர் ஒருவர் இருப்பதாகப் பொருள்படுமே என்று ஐயுற வேண்டியதில்லை. விலையேற்றம் என்பதில் விலை தானே ஏறுகிறது, அதுபோல நச்சும் தானே ஏறுகிறது. திராட்சையோடு நின்றுவிடாமல் கிஸ்மிசுக்கும் கச்சானுக்கும் (வேர்க்கடலை) அரிசிமாவுக்கும் இச்சொல் பொருந்தும். 1988-இல் நம் பேராக் மாநிலத்தில் லோ ஷீ ஃபன் மீ என்னும் அரிசிமாவு நூடுல்ஸ் உண்ட பிள்ளைகள் 13 பேர் இறந்ததற்கு அஃப்ளாடாக்சின் என்னும் மற்றொரு பூஞ்சை நச்சு காரணமாகக் கருதப்பட்டது. சுங்கை சிப்புட் போன்ற ஊரில் திராட்சைக்கொடியையே பார்த்திராத பிள்ளைக்கு, இப்பாடம் தன் தட்டில் உள்ள உணவைப் பற்றியது என்பது அங்கிருந்துதான் விளங்கும்.

அடுத்தது முன்கணிப்பா, முன்னறிவிப்பா என்ற கேள்வி. இரண்டும் தேவை. வெப்பம், மழை, ஈரப்பதம், புழுச்சேதம் ஆகியவற்றைக் கொண்டு ஆய்வாளர் போடும் கணக்கு நச்சேற்ற முன்கணிப்பு. அதன் பயனாக, "புழுவைக் கட்டுப்படுத்துங்கள், அறுவடையைத் தள்ளிப்போடாதீர்கள்" என்று விவசாயிக்குப் போய்ச் சேரும் செய்தி நச்சேற்ற முன்னறிவிப்பு.

இன்னும் ஒரு சொல்லுக்கு உங்கள் கருத்து தேவைப்படுகிறது. பச்சைக்காய் நிறம் மாறி மென்மையாகத் தொடங்கும் கட்டத்திலிருந்து அறுவடை வரையுள்ள நாள்களையே இக்கணிப்புகள் கூர்ந்து பார்க்கின்றன. அக்கட்டத்தை நிறமாற்றப் பருவம் என்று அம்மா எழுதியிருக்கிறீர்கள். காய்க்கும் கனிக்கும் இடைப்பட்டதைச் செங்காய் என்று சொல்லும் வழக்கு நம்மிடம் இருப்பதால், செங்காய்ப் பருவம் என்று மாற்றலாமா? வெள்ளைத் திராட்சை சிவப்பதில்லையே என்ற தடை எழலாம். செங்காய் என்பது நிறத்தைவிடப் பழுக்கும் நிலையையே குறிக்கிறது என்பதால் அதுவும் பொருந்தும் என்றே கருதுகிறேன். கையேடு அச்சுக்குப் போகுமுன் அம்மாவின் முடிவைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.