வெள்ளம் வடிந்த பிறகும் விட்டுவிடாத சாமான்கள்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

குடியாத்தம்காரன்:
2021 நவம்பர் மழையில் மோர்தானா அணை நிரம்பி வழிந்து கவுண்டன்ய ஆறு எங்கள் ஊருக்குள் வந்தது ஞாபகம் இருக்கும். அப்போது ஆற்றோரத்தில் குடியிருந்த ஒரு அக்காவைப் போன மாதம் பார்த்தேன். பீடி சுற்றுகிறவர். முறம், தூள், ஊற வைத்த இலை எல்லாம் அன்றைக்கே போய்விட்டது. சேற்றைக் கிளறியதில் கிடைத்தது இலை வெட்டும் கத்தரி மட்டும்தான், அதுவும் துருவேறி வாய் திறக்காது. வேறு கத்தரி வாங்கி வேலை நடக்கிறது, ஆனாலும் இது ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. ஏன்க்கா என்றேன். "மாமியார் வெட்டினாங்க, நான் வெட்டினேன். என் பொண்ணு கைக்குப் போவாம துருப்பிடிச்சிடுச்சேன்னு உள்ளுக்குள்ள சந்தோசந்தான். அதுக்காகக் கடாசிட முடியுமா?" என்றார்.

உங்களுக்குத் தெரிந்ததையும் எழுதுங்கள். நகை, பணம் போன கதை வேண்டாம், வீட்டில் புழங்கிய சாமான் போதும்.

பொன்னை மருமகள்:
அதே நவம்பரில் ஆந்திராவிலிருந்து, கலவகுண்டா அணைத் தண்ணீரும் சேர்ந்து, பொன்னை ஆறு எங்கள் பக்கம் புரண்டு ஓடியது. (அந்த வருடக் கடைசியில் திருவலம் பக்கம் ரயில் பாலம் பழுதாகி ரயில்களை நிறுத்தினார்களே, அதே ஆறுதான்.) தண்ணீர் வடிந்ததும் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் கொல்லை முள்வேலியில் ஒரு பித்தளை அண்டா சிக்கியிருந்தது. நசுங்கவில்லை. விளிம்பில் பேர் வெட்டியிருக்கிறது, ஆனால் தெலுங்கில். படிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்து, ஒரு பெண் பேரும் கல்யாணத் தேதியும் இருக்கிறது, இது சீர் அண்டா என்றார். அவ்வளவுதான், பெரியம்மா அதைப் புளி போட்டுத் தேய்த்துப் பரணில் ஏற்றிவிட்டார். அவர் வீட்டுப் பாத்திரம் பாதிக்கு மேல் அடித்துக்கொண்டு போயிருந்தது, பொங்கலுக்குப் பெரிய பாத்திரம் எங்கள் வீட்டில்தான் கேட்டு வாங்கினார், அப்போதுகூட அந்த அண்டாவை இறக்கவில்லை. இன்னொருத்தி சீரில் நான் சோறு வடிப்பேனா என்று என்னிடமே சண்டைக்கு வந்தார்.

பாலாற்று மணல்:
நான் வாணியம்பாடி. எங்கள் ஊருக்குப் பெரிய வெள்ளம் என்றால் 1903 நவம்பர் 12. மைசூர் சமஸ்தானத்தில் பேத்தமங்கலம் ஏரி உடைந்து பாலாற்றில் வந்த தண்ணீர், ஊரில் சுமார் 200 பேர் போய்விட்டார்கள். நினைவுத் தூண் இருக்கிறது, வருடா வருடம் அஞ்சலி செலுத்துகிறார்கள். தெரிந்தவர் ஒருவர் வீட்டில் ஒரு செம்பைக் காட்டி, அந்த வெள்ளத்தில் பிழைத்தது என்றார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை, செம்பில் என்ன எழுதியா இருக்கிறது? அதே பெட்டியில் கறை படிந்த ஒரு வீட்டுப் பத்திரமும் இருந்தது. அதில் சேலம் ஜில்லா என்று போட்டிருக்கிறது. 1911இல்தான் நம் ஊர் இருந்த திருப்பத்தூர் தாலுகா சேலத்திலிருந்து வட ஆற்காடு ஜில்லாவுக்கு வந்தது, ஆக பத்திரம் பழசுதான், அது உறுதி. அவர்களோ பத்திரத்தை மடித்து உள்ளே தள்ளிவிட்டுச் செம்பைத்தான் துடைத்துத் துடைத்துக் காட்டுகிறார்கள்!

கோட்டைவாசி:
இதையெல்லாம் வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தில் கொடுத்து வைக்கலாமே. வீட்டில் இருந்தால் அடுத்த தலைமுறை பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடும்.

குடியாத்தம்காரன்:
கேட்டுப் பார்த்தேன் அண்ணா. "கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சா நான் டிக்கெட் எடுத்துப் பாக்கணுமா?" என்று கேட்டார் அக்கா. நியாயமான கேள்விதான்.

பொன்னை மருமகள்:
எங்கள் பெரியம்மா தரவே மாட்டார், அது அவருடையது இல்லையாம். சரி, சித்தூர்ப் பக்கம் சொந்தக்காரர் உள்ளவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அந்த வெள்ளத்தில் சீர் அண்டா தொலைத்த வீடு எது என்று விசாரிக்க வேண்டும். பேரும் தேதியும் இங்கே போட மாட்டேன், அண்டா தன்னுடையது என்று வருகிறவர்தான் சொல்ல வேண்டும், இது பெரியம்மா போட்ட கண்டிஷன்.