அப்பாவோடு பார்த்த ‘இகிரு’

அப்பா பணி ஓய்வு பெற்ற அடுத்த மாதம், ஒரு ஞாயிறு மதியம் அவரை உட்கார வைத்து ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘இகிரு’ படத்தைப் போட்டேன். 1952இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். தலைப்புக்கு ‘வாழ்தல்’ என்று பொருள். அப்பா அரசு அலுவலகம் ஒன்றில் 34 வருடம் கிளார்க்காக இருந்தவர்.

எடுத்த எடுப்பிலேயே ஒரு எக்ஸ்ரே. கதாநாயகன் வதனபேயின் வயிற்றில் புற்றுநோய் இருப்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது, அவருக்கு இன்னும் தெரியாது. முப்பது வருடமாக டோக்கியோ நகராட்சிக் கோப்புகளில் முத்திரை குத்திக்கொண்டிருக்கும் மனிதர். சாக்கடைத் தேக்கத்தை மூடிப் பூங்கா அமைத்துத் தரச் சொல்லிச் சில பெண்கள் மனுவோடு வருகிறார்கள். இந்தப் பிரிவுக்குப் போ, அந்தப் பிரிவுக்குப் போ என்று சுற்ற விடுகிறார்கள். அதுவரை ஏதாவது சொல்லிக்கொண்டே பார்த்த அப்பா, அங்கே பேச்சை நிறுத்திவிட்டார்.

சாகும்முன் ஒருநாளாவது எப்படி வாழ்வது என்று வதனபே ஓர் இளம்பெண்ணிடம் கேட்கும் உணவகக் காட்சியை என்னால் மறக்க முடியாது. முன்பு அவர் பிரிவில் இருந்தவள், இப்போது பொம்மை செய்கிறாள். சாவி கொடுத்த முயல் ஒன்றை மேசைமேல் விடுகிறாள். அது டக் டக்கென்று தத்தி அவர் முன்னால் வந்து நிற்கிறது. வதனபேயாக நடிக்கும் தகாஷி ஷிமுராவின் கண்கள் விரிகின்றன. முயலைக் கையில் பிடித்தபடி அவர் படியிறங்கி ஓட, மேலே மாணவர்கள் வேறு யாருக்கோ பிறந்தநாள் பாட்டுப் பாடுகிறார்கள்.

அதன்பின் அவர் போராடிக் கட்டவைத்த அந்தப் பூங்காவில், பனியில் அவர் ஊஞ்சலாடுவதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிது, அவர் இறந்த பிறகு வரும் ஐம்பது நிமிடம். கதாநாயகனை நடுவிலேயே அனுப்பிவிட்டு, துக்க வீட்டில் சக ஊழியர்களைக் குடிக்கவும் பேசவும் விடுகிறார் குரோசாவா. பூங்கா யாரால் வந்தது என்று வாதம். போதை ஏற ஏற அழுகை, இனி நாமும் அவரைப் போல உழைப்போம் என்று சபதம்.

அப்புறம் மறுநாள் அலுவலகம். புதிய மனு வருகிறது, புதிய தலைவர் அதை வேறு பிரிவுக்குத் தள்ளுகிறார். ஓர் ஊழியர் மட்டும் பொறுக்க முடியாமல் எழுந்து நிற்கிறார். யாரும் துணைக்கு வரவில்லை. மெல்ல உட்கார்கிறார், கோப்புக் குவியல் அவர் முகத்தை மறைக்கிறது.

“உட்கார்ந்துட்டானே” என்றார் அப்பா. படம் முடிந்தும் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. இரவு சாப்பிடும்போது, பல வருடங்களுக்கு முன் தான் திருப்பி அனுப்பிய ஒரு விதவைப் பென்ஷன் மனுவைப் பற்றி முதல் தடவையாகச் சொன்னார். அந்த அம்மாவின் ஊர்ப் பெயர்கூட அவருக்கு நினைவிருந்தது.