பழைய படகு டீசல் இன்ஜின்: ஓவர்ஹால் செய்வதா, புதுசாக மாற்றுவதா?

கேள்வி

வணக்கம். என்னுடையது 9 மீட்டர் படகு. உள்ளே மூன்று சிலிண்டர், 27 குதிரைத்திறன் டீசல் இன்ஜின். மீட்டர் 4,200 மணி நேரம் காட்டுகிறது. ஆறு வருடமாக என்னிடம் இருக்கிறது, ஒரு நாள்கூட நடுக்கடலில் கைவிட்டதில்லை. அதனால்தான் இப்போது முடிவெடுக்கக் கை வரவில்லை.

காலையில் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆக ரொம்ப நேரம் எடுக்கிறது. எடுத்ததும் கண்ணை எரிக்கும் டீசல் நெடியோடு வெள்ளைப் புகை, ஐந்து நிமிடத்தில் குறைந்துவிடும். லோடு ஏற்றினால் கறுப்புப் புகை. 3,000 ஆர்பிஎம் போக வேண்டியது 2,450க்கு மேல் ஏறவில்லை. பத்து மணி நேரம் ஓடினால் கால் லிட்டர் ஆயில் காணாமல் போகிறது.

ஒரு மெக்கானிக் ரீபோர் செய்து (சிலிண்டர் துளையை, அதாவது போரை, கடைந்து பெரிதாக்கி) பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதுசாகப் போடலாம் என்கிறார். இன்னொருவர் இதில் பணம் போடாதே, புது இன்ஜின் வாங்கு என்கிறார். இரண்டு பேரும் இன்ஜின் ஓடுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னதுதான், எதையும் அளக்கவில்லை. யார் சொல்வதைக் கேட்பது?

பதில் 1

இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். அளக்காமல் எடுக்கும் முடிவு எந்தப் பக்கம் போனாலும் பணத்தைத் தின்னும்.

உங்கள் இன்ஜினில் இரண்டு மூன்று கோளாறுகள் ஒன்றாகக் கலந்திருக்கலாம். குளிரில் வரும் வெள்ளைப் புகை எரியாத டீசல். அது கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) குறைவாலும் வரும், இன்ஜெக்டர் சரியாகத் தூவாததாலும் வரும், பேட்டரி சோர்ந்து இன்ஜின் மெதுவாகச் சுற்றினாலும் வரும். கறுப்புப் புகை வேறு கதை. டீசலுக்குத் தேவையான காற்று கிடைக்கவில்லை, அல்லது இன்ஜின் தன் சக்திக்கு மேல் இழுக்கிறது என்று அர்த்தம்.

அதனால் முதலில் செலவில்லாத வேலைகள். புரொப்பல்லரில் சிப்பி ஏறியிருக்கிறதா பாருங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். டேப்பட் இடைவெளி (வால்வு இடைவெளி) சரிபாருங்கள். அப்புறம், புகைக்குழாயில் கடல்நீர் வந்து கலக்கும் அந்த முழங்கை இருக்கிறதே, அதைக் கட்டாயம் கழற்றுங்கள். கரியும் உப்பும் சேர்ந்து உள்ளே கல்லாகிவிடும். வெளியே போக வழியில்லாத இன்ஜின், தேய்ந்துபோன இன்ஜின் மாதிரியேதான் நடந்துகொள்ளும். அந்த ஒரு முழங்கைக்காக நல்ல இன்ஜினைக் கழற்றிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

இதெல்லாம் முடிந்த பிறகு கம்ப்ரஷன் எடுங்கள். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும், மூன்று இன்ஜெக்டரும் வெளியே, டீசல் கட் செய்த நிலையில். டீசலுக்கான கேஜ் வேண்டும், பெட்ரோல் கேஜ் தாங்காது.

இன்னொரு கேள்வி, இதுதான் முக்கியம்: பிளாக்குக்குள் (சிலிண்டர்கள் இருக்கும் வார்ப்பிரும்பு உடல்) சுற்றுவது கடல்நீரா, கூலன்டா (மூடிய பாதையில் சுற்றும் குளிர்விப்புத் திரவம்)?

கேட்டவர்

கடல்நீர் நேராகவே பிளாக்குக்குள் போகிறது. கூலன்டைக் கடல்நீரால் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் கிடையாது.

நீங்கள் சொன்னபடி முழங்கையைக் கழற்றினேன். சுண்டுவிரல்கூட நுழையவில்லை. உளியால் தட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. சுத்தம் செய்து மாட்டியதும் கறுப்புப் புகை பாதியாகக் குறைந்து 2,750 வரை ஏறியது. எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் கம்ப்ரஷன்: நம்பர் 1இல் 28 பார், நம்பர் 2இல் 27, நம்பர் 3இல் 17. மேனுவல் புது இன்ஜினுக்கு 30 என்கிறது. அந்த ஒரு சிலிண்டர்தான். ஆயில் கொஞ்சம் ஊற்றி மறுபடி அளந்தால் ரிங்கா வால்வா என்று தெரிந்துவிடும் என்று படித்தேன். செய்யலாமா?

பதில் 2

தம்பி, அதைப் பார்த்துச் செய். பெட்ரோல் இன்ஜின் மாதிரி இல்லை இது. பிஸ்டன் மேலே வரும்போது மிச்சமிருக்கும் இடம் மிகக் கொஞ்சம். ஆயில் அதிகமாகப் போனால் அமுங்க இடமில்லாமல் கனெக்டிங் ராடு வளையும். கொஞ்சமாக ஊற்றினாலும் அந்த இடத்தை ஆயிலே அடைத்துக்கொண்டு கணக்கை ஏற்றிக் காட்டிவிடும்.

அதைவிடக் காற்று விட்டுப் பார். மூன்றாவது பிஸ்டனை மேலே, இரண்டு வால்வும் மூடிய நிலையில் நிறுத்து. கிராங்க் திரும்பாமல் பிடித்துக்கொள்ள ஏற்பாடு செய், இல்லாவிட்டால் காற்றழுத்தம் சுற்றிவிட்டு ஸ்பானர் கையை உடைக்கும். இன்ஜெக்டர் துளை வழியாகக் காற்று கொடுத்துவிட்டுக் காதை வை. ஆயில் மூடியில் சீறினால் ரிங். காற்று உள்ளே இழுக்கும் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு. புகைக்குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. தெர்மோஸ்டாட் மூடியைத் திறந்து வைத்திரு, அங்கே குமிழி வந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் கேஸ்கெட் போயிருக்கிறது அல்லது விரிசல்.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். என்னுடையதும் கடல்நீர் ஓடும் பிளாக்தான். பட்டறையில் கொடுத்து ரீபோர், பிஸ்டன், பேரிங், ஹெட் வேலை எல்லாம் முடித்தேன். புது இன்ஜின் மாதிரி ஓடியது. இரண்டாவது வருடம் ஒரு நாள் டிப்ஸ்டிக்கை இழுத்தால் பாலாடை மாதிரி வெளுத்த ஆயில். தண்ணீர் ஓடும் பக்கத்திலிருந்து துரு தின்று தின்று சிலிண்டர் சுவரையே துளைத்திருந்தது. புதுசாகப் போட்ட அத்தனையும் அந்தச் செத்த பிளாக்கோடு போனது. பட்டறைக்காரர் போரை அளந்தார், கிராங்கை அளந்தார். சுவர் எவ்வளவு மிச்சம் என்று அவரும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பதில் 3

நான் ஓவர்ஹால் பக்கம். பழைய மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின் ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் பேட்டரி செத்தாலும் ஓடும். கடலில் ஒரு செட் ஸ்பானரோடு சரிசெய்யலாம். புதுசு வாங்கினால் இன்ஜின் விலையோடு முடியாது. மவுன்ட், இன்ஜின் பெட், ஷாஃப்ட், புகைக்குழாய், வயரிங், மீட்டர் என்று ஒவ்வொன்றும் கை நீட்டும். இன்ஜினுக்கு ஆகும் அதே அளவு தொகை சுற்றுவேலைக்கும் போகும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சிலிண்டர் இறங்கியதற்காக அங்கே போகத் தேவையில்லை.

பதில் 2

நீங்கள் சொல்வது கூலன்ட் சுற்றும் பிளாக்காக இருந்தால் நூற்றுக்கு நூறு சரி. நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இவருடையது அப்படி இல்லை என்பதுதான் கவலை. கடல்நீர் ஓடும் இன்ஜினில் உப்பு படியக் கூடாது என்று தெர்மோஸ்டாட்டை 60 டிகிரி வாக்கில்தான் வைப்பார்கள். அந்தக் குளிர்ச்சியே போரையும் அரிக்கும், டீசலிலுள்ள கந்தகம் அமிலமாகப் படியும். வெளியே உப்பு, உள்ளே அமிலம், நடுவில் வார்ப்பிரும்பு. அப்புறம், இந்த அளவில் மெக்கானிக்கல் பம்போடு வரும் புது இன்ஜின்களும் உண்டு.

தம்பி, பிளாக்கில் துத்தநாகக் கட்டை இருக்கும், இரும்புக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரைவதற்காக வைப்பது, அதைக் கடைசியாக எப்போது மாற்றினாய்?

கேட்டவர்

துத்தநாகக் கட்டை என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இன்று கழற்றிப் பார்த்தேன். பித்தளைத் திருகு மட்டும் கையில் வந்தது, அதன் நுனியில் எதுவும் இல்லை. எத்தனை வருடமாக அப்படி இருக்கிறதோ.

காற்று விட்டதில் தெர்மோஸ்டாட் வாயில் குமிழி கொப்பளித்தது. ஹெட்டை இறக்கிவிட்டேன்.

நல்ல செய்தி முதலில். போர் தேய்மானம் அதிகபட்சம் 0.06 மி.மீ. கீழ்ப்பகுதியில் ஹோனிங் கோடுகள் (போரைத் தேய்த்து முடிக்கும்போது விழும் நுண்கோடுகள்) இன்னும் தெரிகின்றன. மூன்றாவதில் ஆயில் ரிங் கரியில் ஒட்டிக்கிடந்தது, ஆயில் போன வழி அதுதான் போலிருக்கிறது. வால்வு ஆறும் பரவாயில்லை.

கெட்ட செய்தி: மூன்றாவது சிலிண்டருக்கும் பக்கத்துத் தண்ணீர்த் துளைக்கும் நடுவே பிளாக்கின் மேல்முகம் அரித்திருக்கிறது. விரல் நகம் விழும் அளவுக்குப் பள்ளம், ஆழம் 0.8 மி.மீ. இருக்கும். கேஸ்கெட்டில் அந்த இடம் கருகிய கோடாக இருந்தது. பக்கவாட்டில் ஒரு கோர் பிளக்கை (பிளாக்கின் தண்ணீர்ப் பாதையை மூடும் தகட்டு மூடி) தட்டி எடுத்தேன். ஒரு கை நிறையத் துருத் தகடு கொட்டியது. ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்சுவர் பொறை பொறையாக உதிர்கிறது.

மேல்முகத்தை மில்லிங் செய்து சமப்படுத்த முடியாதா?

பதில் 1

0.8 மி.மீ. எடுக்க முடியாது. பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் மொத்த இடைவெளியே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதைச் சீவினால் பிஸ்டன் ஹெட்டில் முட்டும். தடிமனான கேஸ்கெட் கிடைத்தாலும் ஒரு மி.மீ.யில் பத்தில் சில பங்கைத்தான் ஈடுகட்டும். மெட்டல் பூச்சு போட்டு அடைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். தண்ணீர் கசியும் இடத்துக்கு அது தாக்குப்பிடிக்கும், எரியும் வாயு அடிக்கும் இடத்துக்குத் தாங்காது.

சரி, மேல்முகத்தை எப்படியோ காப்பாற்றினாலும் உதிரும் சுவரை என்ன செய்வீர்கள்? உங்கள் கேள்விக்கு விடை போரில் இல்லை, அந்தக் கை நிறையக் கொட்டிய துருவில் இருக்கிறது. மாற்றுங்கள். இதே மாடலில் கழற்றிய பழைய இன்ஜின் கிடைக்கிறது என்று யாராவது வந்தால் அதற்கும் இதே வயது, இதே நோய் என்பதை மறக்காதீர்கள்.

பதில் 3

0.06 தேய்மானத்தோடு ஒரு போரை விட்டுவிடச் சொல்ல மனசு வலிக்கிறது. ஆனால் கோர் பிளக்கில் அப்படிக் கொட்டினால் நானும் மாற்றத்தான் சொல்வேன்.

கேட்டவர்

மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன். கூலன்ட் சுற்றும் இன்ஜின், மெக்கானிக்கல் பம்ப், 29 குதிரைத்திறன். பழையது 3,000 ஆர்பிஎம், கியர் 2:1. புதியது 3,600, கியர் 2.6:1. இருக்கிற புரொப்பல்லரையே வைத்துக்கொள்ளலாமா?

பதில் 1

கணக்கைப் பாருங்கள். பழையதில் ஷாஃப்ட் 1,500 சுற்று. புதியதில் 3,600ஐ 2.6ஆல் வகுத்தால் சுமார் 1,385. அதே புரொப்பல்லர் மெதுவாகச் சுற்றினால் இன்ஜின் கொடுக்கிற சக்தியை முழுசாக எடுத்துக்கொள்ளாது. பிட்ச் (ஒரு சுற்றுக்கு புரொப்பல்லர் முன்னேற வேண்டிய தூரம்) கூட வேண்டும், அல்லது புரொப்பல்லர் நுனிக்கும் படகின் அடிப்பகுதிக்கும் நடுவே இடமிருந்தால் விட்டம் கூட வேண்டும். விட்டத்தில் ஒரு அங்குலம் பிட்சில் இரண்டு மூன்று அங்குலத்துக்குச் சமம் என்பது கைக்கணக்கு. கடைசித் தீர்ப்பு கடலில்தான்: வழக்கமான பாரத்தோடு முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் 3,600ஐத் தொட வேண்டும். தொடாமல் கறுப்புப் புகை வந்தால் பிட்ச் அதிகம்.

வாங்கும் முன் இன்னொன்று கேளுங்கள்: முன்னோக்கிப் போகும்போது கியர்பாக்ஸ் ஷாஃப்டை எந்தப் பக்கம் சுற்றும்? பழையதற்கு நேர்மாறாகச் சுற்றினால் உங்கள் புரொப்பல்லர் எந்தப் பிட்சாக இருந்தாலும் உதவாது, மறுபக்கம் சுற்றுவது வேண்டும். புகைக்குழாயின் விட்டமும் புது இன்ஜினின் மேனுவலில் சொன்னதற்குக் குறையக் கூடாது.

பதில் 2

இன்ஜினும் ஷாஃப்டும் நேர்கோட்டில் நிற்கும் அலைன்மென்டைக் கரையில் வைத்துப் பார்த்துவிட்டு முடிந்தது என்று விடாதே தம்பி. தண்ணீரில் இறங்கினால் படகு கொஞ்சம் வளையும். இறக்கி இரண்டு நாள் கழித்து, கியர்பாக்ஸையும் ஷாஃப்டையும் இணைக்கும் கப்ளிங்கைப் பிரித்து, ஃபீலர் கேஜால் மேலே கீழே, இடம் வலம் நாலு பக்கமும் பார். 100 மி.மீ. கப்ளிங்குக்கு 0.1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

புது இன்ஜினை முதல் ஐம்பது மணி நேரம் ஐட்லிங்கிலேயே தடவிக்கொண்டிருக்காதே. லோடு கொடுத்து, வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டு. செல்லமாக ஓட்டினால் ரிங் உட்காராது, போர் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகி மறுபடி ஆயில் குடிக்க ஆரம்பிக்கும்.

கேட்டவர்

சுற்றும் திசையைக் கேட்டேன், மாறித்தான் இருக்கிறது. நல்லவேளை முன்பே சொன்னீர்கள். புரொப்பல்லருக்கும் சேர்த்தே சொல்லிவிட்டேன். பழைய இன்ஜினில் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், இன்ஜெக்டர் பம்ப், கிராங்க் எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன. இதே மாடல் வைத்திருப்பவர்கள் யாருக்காவது தேவை என்றால் இங்கே சொல்லுங்கள், பிளாக்கை எடைக்குப் போடும் முன் கழற்றி வைக்கிறேன்.