தேனீ வளர்ப்புப் புத்தகங்கள், பழையதும் புதியதும்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கொட்டிவாக்கம் மாடிப்பெட்டி:

தேனீ வளர்ப்புப் புத்தகம் எது கைக்கு வந்தாலும் நான் முதலில் பார்ப்பது இரண்டு விஷயம். எந்த ஆண்டில் அச்சானது? எந்தத் தேனீயை வைத்து எழுதியது? இது இரண்டும் தெரிந்துவிட்டால் நூறு வருஷத்துப் புத்தகத்தையும் தைரியமாகப் படிக்கலாம். தெரியாமல் படித்தால் போன வருஷம் வந்த புத்தகம்கூட நம்மைத் தப்பான இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

சென்ட்ரல் பக்கத்தில் லில்லி பாண்ட் வளாகம் இருக்கிறதே, 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு பழைய புத்தகக் கடைக்காரர்கள் வந்து சேர்ந்த இடம். அங்கேதான் அமெரிக்கரான ஏ. ஐ. ரூட்டின் தேனீக் களஞ்சியம் எனக்குக் கிடைத்தது. முதலில் 1877-ல் வந்த நூல். ரூட்டுக்குப் பிறகும் திருத்தித் திருத்திப் பல பதிப்புகள் போட்டிருக்கிறார்கள். என்னுடையது நடுவில் வந்த ஒரு பதிப்பு. பொறியியல் கைடுகளின் அடுக்குக்கு அடியிலிருந்து கடைக்காரர் உருவிக் கொடுத்தார். முதுகு அட்டை இல்லை, தையல் மட்டும் கெட்டி.

குளிர்காலத்தில் தேனீப் பெட்டியைப் பொதிந்து வைப்பது, நிலவறையில் இறக்கி வைப்பது என்று அதில் பக்கம் பக்கமாக இருக்கிறது. சென்னையில் அதற்கு வேலையே இல்லை. நமக்குச் சிரமகாலம் ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான். ஆனால் ஒரு பெட்டித் தேனை இன்னொரு பெட்டித் தேனீக்கள் திருடுவதைப் பற்றிய பகுதியைப் படித்துவிட்டு என் பெட்டிகள் இருக்கும் மாடிக்குப் போனேன். அப்படியே கண்முன்னால் நடந்தது. வீட்டுத் தேனீ நேராக வாசலில் வந்து இறங்கும். திருட வந்தது அப்படி இறங்காது. பெட்டியின் இடுக்கு, மூலை என்று ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துக்கொண்டே ஆடும். பழைய திருடர்களுக்கு மேல்முடி உதிர்ந்து வயிறு கறுத்துப் பளபளக்கும். வாசலை ஒன்றிரண்டு தேனீ மட்டும் நுழையும்படி குறுக்கிவிடு, சர்க்கரைப்பாகை இருட்டிய பிறகு வை, ஒரு சொட்டும் வெளியே சிந்தாதே: இதுதான் அங்கே சொல்லியிருந்த வைத்தியம். இன்றைக்கும் இதைவிட நல்ல வைத்தியம் கிடையாது.

இன்றைய மரச்சட்டப் பெட்டிக்கு வழிகாட்டிய அமெரிக்கர் லாங்ஸ்ட்ராத்தையும் இதே கண்ணோடுதான் படிக்க வேண்டும். பெட்டிக்கும் மெழுகு அடையைத் தாங்கும் மரச்சட்டத்துக்கும் நடுவில் முக்கால் அங்குலத்தில் பாதி இடைவெளி விட்டால் தேனீ அதை நடைபாதையாக விட்டுவைக்கும், குறைந்தால் பிசின் வைத்து அடைக்கும், கூடினால் அடை கட்டிவிடும் என்று 1851-ல் கண்டுகொண்டவர் அவர். 1852-ல் பெட்டிக்குக் காப்புரிமை, 1853-ல் புத்தகம். சட்டத்தை உடைக்காமல் தூக்கிப் பார்ப்பது அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் கைவந்தது. ஆனால் அது ஐரோப்பியத் தேனீக்கு எடுத்த அளவு. நம் ஊர்ப் பெட்டிகளில் வளரும் அடுக்குத் தேனீ சின்னது, அடையில் அதன் கண்ணறையும் சின்னது, ஒரு அடைக்கும் அடுத்த அடைக்கும் உள்ள தூரமும் குறைவு. அதனால்தான் திருச்சி புனித வளனார் கல்லூரியில் இருந்த நியூட்டன் பாதிரியார் போன நூற்றாண்டின் தொடக்கத்தில் நமக்கென்று சின்னப் பெட்டி செய்தார். லாங்ஸ்ட்ராத் சட்டத்தின் மேல்கட்டை 19 அங்குலம். நியூட்டன் சட்டத்தில் அடை கட்டும் இடம் சுமார் 8 அங்குலம்தான். அமெரிக்கப் புத்தகத்தில் உள்ள வரைபடத்தை அப்படியே தச்சரிடம் கொடுத்தால் நம் கூட்டம் அதை நிரப்பவே முடியாது.

உங்கள் கைக்கு வந்த புத்தகங்களைப் பற்றி எழுதுங்கள். எது உதவியது, எது ஏமாற்றியது, இரண்டுமே வேண்டும்.

அம்பத்தூர் முருங்கைத்தோப்பு:

நான் மார்த்தாண்டத்துக்காரன். அந்தப் பக்கம் தேனீப்பெட்டி இல்லாத ரப்பர் தோட்டம் அபூர்வம். என் மாமா பள்ளிக்கூட வாத்தியார், நிறையப் பெட்டி வைத்திருந்தார். 1962-ல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட சர்தார் சிங்கின் ஆங்கில நூல்தான் அவருக்கு எல்லாம். பெயின்ட் பட்ட கையோடு புரட்டிப் புரட்டி ஓரமெல்லாம் கறையாக இருக்கும்.

1991, 92-ல் அந்த வைரஸ் நோய் வந்தது. தாய்லாந்தின் பேரை வைத்து ‘தாய் சாக்புரூட்’ என்கிறார்களே, அதுதான். தென்னிந்தியாவில் பத்துக்கு ஒன்பது கூட்டங்களுக்கு மேல் அழிந்தன. மாமா புத்தகத்தில் நோய்ப் பகுதியை முன்னும் பின்னும் தேடினார். நம் தேனீக்கு இப்படி ஒரு கொள்ளைநோய் வரும் என்று 1962-ல் யாரும் எழுதியிருக்க வழியில்லை. செத்த தேனீப் புழுவை இடுக்கியால் எடுத்து எனக்குக் காட்டியது இன்னும் நினைவில் இருக்கிறது. மல்லாக்கக் கிடந்து தலையை மேலே தூக்கியபடி செத்திருந்தது. தூக்கினால் உடையாமல் முழுசாக வரும், உள்ளே தண்ணீர் கட்டிய சின்னப் பை மாதிரி.

இன்றைய கையேடுகளில் இதெல்லாம் படத்தோடு வருகிறது. மருந்து கிடையாது, நோய்ப்பட்ட சட்டத்தை அடுத்த பெட்டிக்கு மாற்றாதே, ராணியைக் கொஞ்சநாள் அடைத்து வைத்து முட்டை வைப்பதை நிறுத்து, தாக்குப்பிடித்த கூட்டத்திலிருந்து புது ராணி எடு என்று தெளிவாகச் சொல்கிறார்கள். அதனால் நோய் விஷயத்தில் நான் கண்டிப்பு. 1990-க்கு முந்திய புத்தகத்தை வைத்துக்கொண்டு அடுக்குத் தேனீயின் நோயைக் கண்டுபிடிக்கவே கூடாது.

அதற்காகச் சர்தார் சிங்கை மாமா தூக்கிப் போடவில்லை. கூட்டம் பிரியும் அறிகுறி, பொந்திலிருந்து கூட்டத்தைப் பெட்டிக்கு மாற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசிவரை அதைத்தான் பார்த்தார்.

திருவல்லிக்கேணி வாசகர்:

அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பழைய புத்தகங்களில் மருந்துப் பக்கத்தைப் படிக்கலாம், செய்யக் கூடாது. பெட்டியில் தேன் சேரும் மேல் அறையிலிருந்து தேனீயை விரட்டக் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியைப் போடு என்பார்கள். அடையைத் தின்னும் மெழுகுப்பூச்சிக்குப் பாராடைகுளோரோபென்சீன் என்ற ரசாயனத்தை வைத்து அடையை மூடு என்பார்கள். புழு நோய்க்கு டெராமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தூவு என்பார்கள். அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். இன்றைக்குத் தேனில் எந்த ஆன்டிபயாட்டிக் எவ்வளவு இருக்கலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே வரம்பு வைத்திருக்கிறது. மெழுகு எதையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். குழந்தைக்கு நாக்கில் தடவும் பொருளாச்சே, இதில் பழமை பார்க்க முடியாது.

பெரம்பூர் டீச்சர்:

புதியது என்பதாலேயே நமக்கு ஆகும் என்றும் இல்லை. ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் வெளிநாட்டு நூல் ஒன்றை ஆசையாக வாங்கினேன். பளபளப்பான தாள், அருமையான படங்கள். படித்துப் பார்த்தால் பெரும்பகுதி வரோவா உண்ணியை ஒழிப்பது, மீதியில் பாதி பனிக்காலம். வரோவா நம் அடுக்குத் தேனீயோடு நெடுங்காலமாக வாழ்ந்துவரும் உண்ணி. நம் தேனீ அதைக் கடித்துத் தள்ளத் தெரிந்தது, அதனால் கூட்டம் அழிகிற அளவுக்குப் போவதில்லை. ஐரோப்பியத் தேனீக்குத் தாவியபோதுதான் உலகம் முழுக்கப் பெரிய தொல்லையாகிவிட்டது. ஐரோப்பியத் தேனீயில் ஒரு வகையான இத்தாலியத் தேனீ வைத்திருப்பவர்களுக்கு அந்தப் புத்தகம் அவசியம். கொளத்தூரில் ஒரே ஒரு நியூட்டன் பெட்டி வைத்திருக்கும் என் தங்கைக்கு அதனால் என்ன பயன்?

அப்புறம் எழும்பூர் கன்னிமாராவுக்குப் போனேன். 1896-லிருந்து இருக்கிற நூலகம், நாட்டில் வெளியாகும் புத்தகங்கள் சட்டப்படி வந்து சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. பழைய தமிழ்க் கையேடு ஒன்றைக் கேட்டு வாங்கிப் படித்தேன். பின் அடித்த ஒல்லியான புத்தகம், தாள் பழுத்து ஓரம் பொடிகிறது. எழுதியவர் பேர்கூட அட்டையில் தெரியவில்லை. ஆனால் எந்த மரத்தில் தேன் அதிகம், எதில் மகரந்தம் மட்டும் என்று முருங்கை, புங்கம், வேம்பு, புளி, நாவல், இலந்தை, தென்னை எல்லாம் பிரித்து எழுதியிருந்தார்கள். பெட்டியின் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வை, எறும்பு ஏறாது என்பதுவரை. அதை நோட்டில் எழுதிக்கொண்டு வந்து தங்கையிடம் கொடுத்தேன். அவள் பெட்டிக்கு எதிரே ஒட்டி வைத்திருக்கிறாள்.

ஆசியத் தேனீக்களையும் வெப்பநாடுகளையும் சேர்த்து ஒரே புத்தகத்தில் படிக்க வேண்டும் என்றால் ஈவா கிரேன் 1990-ல் எழுதிய பெரிய நூல்தான். கனமான புத்தகம், விலையும் அதிகம், நூலகத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டியது. ஐரோப்பியத் தேனீயை மட்டுமே தேனீ என்று நினைக்காமல் எழுதியவர் என்பதால் அந்த அம்மாவின் மேல் எனக்குத் தனி மரியாதை.

வேளச்சேரி பால்கனி:

எனக்குப் பெட்டி கிடையாது. பால்கனி காகிதப்பூச் செடியில், கிளையில் ஒற்றை அடை கட்டும் கொம்புத் தேனீ கூடு கட்டியது. அடுக்குமாடிச் சங்கத்தில் மருந்து அடிக்கச் சொன்னார்கள், நான் விடவில்லை. பூ இருக்கும் திசையைத் தேனீ மற்றத் தேனீக்களுக்கு ஆடிக் காட்டுவதைப் பற்றிக் கார்ல் வான் ஃப்ரிஷ் எழுதிய நடனப் புத்தகத்தை அந்த நேரத்தில்தான் படித்துக்கொண்டிருந்தேன். 1973-ல் நோபல் பரிசு வாங்கியவர். மற்றத் தேனீக்கள் செங்குத்தான அடையில் ஆடும், கொம்புத் தேனீ மட்டும் கூட்டின் மேல்பக்கத் தட்டையில் ஆடும். அவருடைய மாணவர் லிண்டாவர் 1950-களில் இலங்கைக்கு வந்து ஆராய்ந்து சொன்னது இது.

காலை வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். கிளையைச் சுற்றி மேடு மாதிரி இருக்கும் உச்சியில் ஒரு தேனீ வாலை ஆட்டிக்கொண்டே நேராக ஓடுகிறது, திரும்பிவந்து மறுபடியும் அதே பக்கமாக ஓடுகிறது. அது ஓடிய திசை எதிர்வீட்டு மதிலில் படர்ந்திருக்கும் கொடிரோஸ் பக்கம். பிறகு சங்கத்துக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினேன். கூடு அந்தப் பருவம் முழுக்க இருந்தது.

கொட்டிவாக்கம் மாடிப்பெட்டி:

வேளச்சேரியாரே, பெட்டி இல்லாதவர் எழுதியதுதான் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஃப்ரிஷுக்கு முந்திய புத்தகங்களில் இந்த நடனத்துக்கு விளக்கமே இருக்காது. அதே சமயம் ஹூபரைப் பாருங்கள். 1792-ல் புத்தகம் போட்டவர், கண் தெரியாதவர். அவருடைய உதவியாளர் பர்னென்ஸ் பார்த்துச் சொல்ல, இவர் கேள்வி கேட்டுக் கேட்டு எழுதினார். ராணி பெட்டிக்கு வெளியே பறந்துபோய்த்தான் ஆண் தேனீயோடு சேரும் என்று அப்போதே கண்டு சொல்லிவிட்டார்கள். ஹூபரும் லாங்ஸ்ட்ராத்தும் இணையத்தில் இலவசமாகவே படிக்கக் கிடைக்கிறார்கள், காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

புதிதாக ஒரு பெட்டி வைக்கப் போகிறவர்கள் தனிச்செய்தியில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அவர்களுக்கு என் யோசனை. முதலில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் இன்றைய கையேடு. கிண்டியில் உள்ள அவர்களுடைய பயிற்சி மையத்தில் விசாரித்தால் வகுப்பு எப்போது என்றும் சொல்வார்கள். நோய், மருந்து, பெட்டி அளவு மூன்றுக்கும் அதுதான் கணக்கு. ஒரு பூப்பருவம் முழுக்கப் பெட்டியோடு பழகிய பிறகு ரூட்டையோ ஹூபரையோ எடுங்கள். அப்போதுதான் அவர்கள் சொல்வது எது என்று கண்ணுக்குத் தெரியும்.

ஒரு குறை மட்டும் பழையதிலும் புதியதிலும் தீரவில்லை. சென்னையின் பூக்காலத்தை மாதவாரியாக எழுதிய புத்தகம் என் கண்ணில் படவில்லை. கடற்கரைப் பக்கம் ஒரு நேரம், அம்பத்தூர், ஆவடிப் பக்கம் ஒரு நேரம் என்று மாறுகிறது. டீச்சர், அந்தக் கன்னிமாரா பட்டியலை இங்கே போடுங்கள். அவரவர் தெருவில் எந்த மரம் எப்போது பூத்தது என்று கீழே எழுதுங்கள். எங்கள் பக்கம் புங்கம் இன்னும் மொட்டுதான், வேம்பு பூத்துவிட்டது. அண்ணா நகர்க்காரர்கள் யாராவது இருக்கிறீர்களா?