வீட்டுக்காரருக்கு ஸ்கீ கற்றுக்கொடுக்காதீர்கள்

குளிர் நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே அலுவலகத்தில் யாராவது ஒருவர், "சனிக்கிழமை ஸ்கீ போகிறோம், ரெண்டு பேரும் வாங்களேன்" என்று பனிச்சறுக்குக்குக் கூப்பிடுவார். இரண்டு பேருமே புதிது என்றால் பிரச்சினை இல்லை, சேர்ந்தே விழலாம். ஒருவருக்கு எப்போதோ பழகியது, இன்னொருவருக்கு முதல் தடவை என்றால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நான் படிக்கும் காலத்தில் இரண்டு குளிர்காலம் சறுக்கியிருக்கிறேன். அப்புறம் 16 வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. போன வருடம் கணவரோடு போனேன். அவர் பனியைக் கையில் தொட்டே ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

"நானே சொல்லித் தரேன்" என்று ஆரம்பித்ததுதான் என் முதல் தப்பு. மனைவிக்கோ கணவருக்கோ கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு மீதிக் கதை தெரியும். "முன்னால சாயுங்க, முன்னால சாயுங்க" என்று நான் கத்த, அவர் இடுப்பை மடக்கி மூக்கை நீட்டினார், பின்புறம் இன்னும் பின்னால் போனது. சரிவைப் பார்த்ததும் பின்னால் சாய்வது யாருக்கும் வருகிற பயம்தான். ஆனால் அப்படிச் சாய்ந்தால் காலில் மாட்டிய ஸ்கீ பலகை நம் பேச்சைக் கேட்காது. அரை மணி நேரத்தில் நாங்கள் பேசிக்கொள்வதே நின்றுபோனது. மதியம் பயிற்சியாளர் ஒருவர் வந்து, "கணைக்கால் எலும்பு பூட்ஸின் நாக்கை அழுத்திக்கொண்டே இருக்கட்டும்" என்று ஒரே வரிதான் சொன்னார். முழங்கால் தானாக மடங்கியது. முன்முனைகளைச் சேர்த்துப் பின்முனைகளை அகட்டி, ஸ்கீயைக் கவிழ்த்த 'வி' மாதிரி வைத்து நிற்கவும் கற்றுக்கொண்டார். நமக்குப் பழகிப்போனதைச் சொல்லில் பிரித்துக் காட்டுவது தனி வித்தை. அதற்குத்தான் அவர்களுக்குக் காசு.

ஆகவே புதியவரைக் காலையில் ஆரம்ப வகுப்பில் சேர்த்துவிடுங்கள். அந்த நேரத்தில் நீங்களும் ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்துக்கொள்ளுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள். எனக்குத் திருப்பங்கள் எல்லாம் ஞாபகம் இருந்தன. மூன்றாவது இறக்கத்திலேயே தொடை நடுங்க ஆரம்பித்துவிட்டது. '90களுக்கு முன் கற்றவர்களுக்கு இன்னொரு ஆச்சரியமும் காத்திருக்கிறது. அந்தக் கால நீள நேர் ஸ்கீ போய், இப்போது குட்டையாக, நடுவில் இடை ஒடுங்கிய ஸ்கீதான். ஓரத்தைச் சாய்த்தாலே திரும்பும்.

வாடகைக் கடையில் அவசரப்படாதீர்கள். பூட்ஸ் இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும். நிமிர்ந்து நின்றால் விரல்நுனி முன்பக்கம் லேசாகத் தொடும், முழங்காலை மடக்கினால் பின்வாங்கும். குளிருமே என்று இரண்டு சாக்ஸ் போடுவது நம் ஆட்கள் எல்லோரும் செய்கிற தப்பு. மடிப்பு விழுந்து கால் புண்ணாகும், ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் குளிரும். நீளமான மெல்லிய சாக்ஸ் ஒன்று போதும், பேண்ட் நுனியை உள்ளே திணிக்க வேண்டாம்.

அங்கே எடை, உயரம், வயது, திறமை எல்லாம் கேட்டு ஒரு படிவம் தருவார்கள். எடையில் ஐந்து கிலோ குறைத்து எழுதும் இடம் அதுவல்ல. விழும்போது எவ்வளவு விசையில் ஸ்கீ காலிலிருந்து கழல வேண்டும் என்று, பூட்ஸை ஸ்கீயோடு பிடித்திருக்கும் பைண்டிங்கை முறுக்கி வைப்பது அந்தக் கணக்கை வைத்துத்தான். எடையைக் குறைத்து எழுதினால் வேண்டாத நேரத்தில் கழன்றுவிடும். திறமையைக் கூட்டி எழுதி, கழல வேண்டிய நேரத்தில் கழலாவிட்டால் முழங்கால் திருகிக்கொள்ளும். பழைய நினைப்பில் 'தேர்ந்தவர்' என்று குறிக்கப் போனேன், நல்லவேளை பேனாவை எடுத்துவிட்டேன்.

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. வெயில் இல்லாவிட்டாலும் சன்ஸ்கிரீன் பூசுங்கள், புதுப் பனி புற ஊதாக் கதிரை 80 சதவீதம் வரை திருப்பி முகத்தில் அடிக்கும். ஹெல்மெட் பற்றிப் பேச்சே வேண்டாம், போடுங்கள். உங்கள் காப்பீடு ஸ்கீ விபத்தை ஏற்குமா என்று முன்னாடியே படித்துவிடுங்கள்.

மதியத்துக்கு மேல் இரண்டு பேரும் சேர்ந்து போகலாம், ஆனால் பாதையின் நிறத்தைப் பார்த்து. வட அமெரிக்காவில் பச்சை வட்டம்தான் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம். ஆஸ்திரியா பக்கம் எளிதான பாதையே நீலம், நடுத்தரம் சிவப்பு. ஒரு ஊரில் பழகிய நிறத்தை நம்பி இன்னொரு ஊரில் புதியவரை மேலே கூட்டிப் போய்விடாதீர்கள். மேலே போனபின் அவருக்குக் கால் வரவில்லையென்றால் தண்டனை இரண்டு பேருக்கும்தான்.

மேலே ஏற்றிச் செல்லும் நாற்காலி லிஃப்டில் முதல் தடவை ஏறுகிறார் என்று ஊழியரிடம் சொல்லுங்கள், வேகத்தைக் குறைப்பார். கையில் ஊன்றும் கோல்களின் வாரை மணிக்கட்டிலிருந்து கழற்றி, இரண்டையும் ஒரே கையில் பிடிக்கச் சொல்லுங்கள். விழுவது உறுதி என்றால் பக்கவாட்டில் விழுவதே நல்லது. எழும்போது ஸ்கீ இரண்டும் சரிவுக்குக் குறுக்கே, உடம்புக்குக் கீழ்ப்பக்கம் இருக்கட்டும்.

சர்வதேச விதிப்படி முன்னால் போகிறவருக்கு இடம் விட வேண்டியது மேலேயிருந்து, பின்னால் வருகிறவர்தான். எங்கள் நான்காவது பயணத்தில்தான் அவர் நடுத்தரப் பாதைக்கு வந்தார். அவர் முன்னால் அந்த 'வி'யோடு மெல்ல இறங்க, நான் பின்னால், வாயை மூடிக்கொண்டு.