ரிட்டயர்டு மோப்ப நாய்க்கு வரிச்சலுகை கேட்டுப் போன கதை

மண்டபத்திலிருந்து:
ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர்க்காரன் நான், போலீஸ் மோப்ப நாய்ப் பிரிவில் இருந்தவன். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ராமேஸ்வரத்தில் கூட்டம் சேருறதுக்கு முன்னாடி, நானும் என் மோப்ப நாய் ராணியும் கோயில் பிராகாரத்தை ரெண்டு சுத்து வருவோம். வெடிமருந்து வாடை பட்டால் குரைக்காது. பொத்துனு உட்கார்ந்துடும். அதுதான் அதோட பாஷை.

பணியில் இருந்தவரை தீனி, ஊசி எல்லாம் அரசாங்கக் கணக்கு. ஓய்வு கொடுத்ததும் எழுதிக் கொடுத்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். பின்னங்கால் மூட்டு வீங்கி வாசப்படி ஏறலை. அதோட உண்ணிக் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள். அவிச்ச சூடை மீனுக்குள்ள மாத்திரையை ஒளிச்சு வச்சா மீனைத் தின்னுட்டு மாத்திரையைத் துப்பிடும். தொழில் புத்தி!

2024 ஜூலையில் வருமான வரி ரிட்டர்ன் போடுறப்ப ஆடிட்டர்கிட்ட கேட்டேன். "60 தாண்டிய அப்பாவுக்கு இன்சூரன்ஸ் இல்லாட்டி மருத்துவச் செலவை வருமான வரிச் சட்டம் 80டி பிரிவுல 50,000 ரூபாய் வரை கழிவாக் காட்டலாம்கிறீங்க. ராணிக்கும் மனுஷக் கணக்குல 60 தாண்டிருச்சே சார்?" சிரிச்சுட்டார். அந்தப் பிரிவில் நாய்க்கு இடமே இல்லையாம்.

தொண்டியிலிருந்து:
எங்களுது சாதா நாட்டு நாய். இடுப்பு எலும்புக்காகத் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரி வரைக்கும் தூக்கிட்டுப் போனோம். வைத்தியச் செலவைவிடக் கார் வாடகைதான் அதிகம். வரி கிடக்கட்டும், எக்ஸ்ரேயைப் பக்கத்துல கொண்டு வந்தாப் போதும்.

கீழக்கரையிலிருந்து:
அண்ணே, நான் கணக்கு எழுதுறவன். இதே கேள்வியோட ஒருத்தர் பில் கட்டைத் தூக்கிட்டு என்கிட்டயும் வந்தார். கால்நடை கிளினிக் பார்க்கிற வைத்தியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. பில்லில் டாக்டர் ஃபீஸ் மேல வரி ஏத்தியிருந்தா விடாமக் கேளுங்கன்னேன். பாக்கெட் தீனிக்கு அப்போ 18 சதவீதம், அதுல தப்பிக்க முடியாது.

எனக்கே வயிறு எரிஞ்சது எதுலன்னா, 80ஜி (நன்கொடைக்கு வரிச்சலுகை தர்ற பிரிவு) பதிவுள்ள ஒரு அறக்கட்டளையில் அவர் தன் நாயை விட்டுட்டு, அங்கே நன்கொடையாக் குடுத்திருந்தா பாதித் தொகை வருமானக் கணக்குல கழிஞ்சிருக்கும் (2,000-க்கு மேல ரொக்கமாக் குடுத்தா செல்லாது). வீட்டுல வச்சுப் பார்த்தா ஒரு பைசா இல்லை. புது வரி முறைக்கு மாறினவங்களுக்கு அப்போ 80ஜி-யும் கிடையாது.

மண்டபத்திலிருந்து:
ராணியை விடுறதா? நல்லாச் சொன்னீங்க தம்பி. அந்த வருஷத் தீபாவளிக்குப் பேரன் வெடிப்பெட்டியைத் திண்ணையில வச்சான். காலை இழுத்துக்கிட்டே வந்து, பெட்டிக்கு முன்னால பொத்துனு உட்கார்ந்துச்சு. நான் போய் முதுகுல தட்டிக் குடுக்கிற வரைக்கும் எந்திரிக்கலை.